திருப்பூரிற் குடிக்கூலி வீடுகள்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன என்பதை நாம் இளமை தொட்டே கற்று வருகின்றோம். இவற்றுள் உடையை உலகுக்கு அளிக்கும் ஊர்களுள் ஒன்று நொய்யற் கரையில் அமைந்த நம் திருப்பூர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கோடைக்காலத்தில் மக்கள் அணியும் பின்னலாடைகளிற் பல இவ்வூரிலேயே வெட்டப்பட்டு, தைக்கப்பட்டு, பெட்டியில் அடுக்கப்பட்டுச் செல்கின்றன. இங்ஙனம் உலகுக்கு உடை அளிக்கும் தொழிலாளிக்கு உறையுள் அளிப்பார் யார்? இவ்வினாவுக்கு விடை தேடின் ஒரு வியப்பான உண்மை புலனாகும். அரசும் பெரும்பாலும் அதனை அளிப்பதில்லை. தொழிற்சாலைகளும் சிலர்க்கன்றி அளிப்பதில்லை. ஐந்து சென்டு, பத்துச் சென்டு நிலத்தில் வரிசையாக அறைகளைக் கட்டிக் குடிக்கூலிக்கு விடும் சிறு வீட்டுடையாரே அதனை அளிக்கின்றனர்.

'குடிக்கூலி' என்பது இன்று வழக்கிற் குறைந்துவிட்ட நல்ல தமிழ்ச்சொல். குடியிருப்பதற்குக் கொடுக்கும் கூலி என்பது அதன் பொருள். இன்று நாம் வழங்கும் 'வாடகை' என்பது வடசொல்வழி வந்தது என்பர். எச்சொல்லால் வழங்கினும் பொருள் ஒன்றே. ஆயின் 'குடிக்கூலி' என்னும் சொல்லில் ஓர் அறிவுரை பொதிந்திருப்பதாக எனக்குத் தோன்றுகின்றது. கூலி என்பது செய்த வேலைக்குக் கொடுப்பது. வீட்டுடையார் பெறுவது கூலியாயின், அதற்கு ஈடாக அவர் செய்யும் வேலை ஒன்று இருத்தல் வேண்டுமன்றோ? அவ்வேலை யாது, அதற்குரிய முதலைத் திரட்டும் வழிகள் யாவை, அவ்வழிகளில் இடறும் இடங்கள் எவை என்பனவற்றை ஒருவாறு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

லைன் வீடு

திருப்பூரார் 'லைன் வீடு' என்று கூறுவது ஒரே சுவரைப் பொதுவாகக் கொண்டு, புகைவண்டிப் பெட்டிகளைப்போல ஒன்றையடுத்து ஒன்றாக நிற்கும் அறைகளின் வரிசையாகும். ஒவ்வொன்றும் ஓர் அறையும், அதன் ஒரு மூலையிலோ பின்புறத்திலோ ஒரு சிறு சமையலிடமும் உடையது. குளியலறையும் கழிப்பறையும் சில இடங்களில் தனித்தனியாகவும், பல இடங்களில் நான்கைந்து குடும்பங்களுக்குப் பொதுவாகவும் இருக்கும். வாயிலில் ஒரு குழாய், ஒரு நீர்த்தொட்டி, துணி துவைக்க ஒரு கல். இவ்வளவே அதன் அமைப்பு.

இவ்வகை வீடுகள் இங்கே பெருகியதற்குக் காரணம் ஊரின் வரலாற்றிலேயே உள்ளது. முன்பு பருத்திச் சந்தையாக விளங்கிய இவ்வூரில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பனியன் தொழில் தோன்றிற்று. 1970களின் இறுதியிலிருந்து அயல்நாட்டு ஏற்றுமதி வளரத் தொடங்கியது. தொழில் வளர வளர மதுரை, தேனி, திண்டுக்கல், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்தும், பின்னர் ஒடிசா, பீகார், சார்க்கண்டு, மேற்கு வங்காளம், அசாம் முதலிய வடபுலங்களிலிருந்தும் மக்கள் வந்து குவிந்தனர். ஊரைச் சுற்றியிருந்த தோட்டங்காடுகளை உடைய வேளாண் குடியினர், கிணறு வற்றிய நிலத்தில் மழையை எதிர்நோக்கி நிற்பதைவிட நான்கு அறைகளைக் கட்டி விடுவது மேல் எனக் கண்டனர். இங்ஙனம் சோளம் விளைந்த காட்டிற் குடிக்கூலி விளையலாயிற்று. வீரபாண்டி, நல்லூர், வேலம்பாளையம், அனுப்பர்பாளையம் முதலிய பக்கங்களிற் செல்வோர் இதனைக் கண்கூடாகக் காணலாம்.

முதலும் கடனும்

வீடு கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பது பழமொழி. குடிக்கூலிக்கு விடும் வீட்டைக் கட்டுவோர் பார்க்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு, அது கணக்கு. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவேன். இதிலுள்ள தொகைகள் விளக்கத்தின் பொருட்டு யான் அமைத்துக்கொண்டவை. உண்மை விலைகள் இடத்துக்கு இடம் வேறுபடும்.

ஒருவர்க்குத் தந்தைவழி வந்த ஐந்து சென்டு நிலம் இருக்கின்றது. அதிற் கீழே ஐந்தும் மேலே ஐந்துமாகப் பத்து அறைகளை ரூ. 30 இலட்சம் செலவிற் கட்டுகின்றார். அவர் கைப்பொருள் ரூ. 5 இலட்சம், எஞ்சிய ரூ. 25 இலட்சத்தை நூற்றுக்கு 9 வட்டியில், 15 ஆண்டுத் தவணையில், வங்கியிற் கடனாகப் பெறுகின்றார். அறை ஒன்றுக்கு மாதம் ரூ. 4,000 குடிக்கூலி. எல்லா அறைகளும் ஆண்டு முழுதும் நிறைந்திருப்பின் வருவாய் ரூ. 4,80,000. இதனைக் கண்டு பலர் மகிழ்ந்துவிடுகின்றனர். ஆயின் இது காகிதத்தில் நிற்கும் வருவாயேயாகும். ஓர் அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, மறு குடி வருவதற்குள் நாட்கள் கழியும். அறை ஒன்றுக்கு ஆண்டில் ஒரு மாதம் வெற்றறையாகக் கொள்வது அறிவுடைமை; அதனாற் குறைவது ரூ. 40,000. மோட்டார், குழாய், கூரைக் கசிவு, கழிவுநீர்த் தொட்டி என்பனவற்றுக்கு ஆண்டுக்கு ரூ. 48,000 ஒதுக்குக. வீட்டுவரி, நீர்க்கட்டணம், காப்பீடு ஆகியவற்றுக்கு ரூ. 20,000. இவை போக எஞ்சுவது ரூ. 3,72,000.

இனி, வங்கித் தவணையைக் காண்போம். மேற்கூறிய கடனுக்கு மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 25,357. ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ. 3,04,280. இதனைக் கழிப்பின் உடையார் கையில் நிற்பது ரூ. 67,720 மட்டுமே. முதல் மாதத் தவணையில் ரூ. 18,750 வட்டிக்கே சென்றுவிடுகின்றது. கடனிற் கழிவது ரூ. 6,607 தான். பதினைந்து ஆண்டு முடிவில் அவர் செலுத்தியிருக்கும் மொத்தம் ஏறக்குறைய ரூ. 45 இலட்சத்து 64 ஆயிரம். எனினும் அந்நாளில் வீடு கடனற்ற வீடாக நிற்கும். பொறுமையுடையார்க்கு அதுவே ஊதியம்.

இக்கணக்கில் நிலத்தின் விலையை யாம் சேர்க்கவில்லை என்பதை நோக்குக. முழுக்கருத்தும் இதிலேதான் அடங்கியுள்ளது. கட்டிய செலவு ரூ. 30 இலட்சத்துக்கு நிகர வருவாய் ரூ. 3,72,000 எனின் அது நூற்றுக்கு 12.4 ஆகும். கடன் வட்டியோ 9. ஆகவே கடன் வாங்கிக் கட்டுவது தகும். இனி, நிலமில்லாத வேறொருவர் இதே நிலத்தை ரூ. 20 இலட்சம் கொடுத்து வாங்கிக் கட்டினார் என வைத்துக்கொள்வோம். அவர்க்கு முதல் ரூ. 50 இலட்சம், வருவாய் அதுவே. ஆகவே நூற்றுக்கு 7.44 தான் கிடைக்கின்றது. நூற்றுக்கு 9 வட்டிக்குக் கடன் வாங்கி 7.44 வருவாய் தரும் பொருளை வாங்குவோர், ஒவ்வோர் ஆண்டும் தம் கைப்பொருளை வங்கிக்கு அளந்து கொடுப்பவரேயாவர். நிலவிலை ஏறும் என்னும் நம்பிக்கை ஒன்றே அவரைத் தாங்கி நிற்பது. ஒரே வீடு, ஒரே குடிக்கூலி. எனினும் ஒருவர்க்கு ஊதியம், மற்றவர்க்கு இழப்பு. அயலார் லைன் வீடு கட்டிச் செழித்தார் எனக் கேட்டுத் தாமும் கடனில் இறங்குவோர், அவ்வயலார்க்கு நிலம் எவ்வாறு வந்தது என்பதை முதலிற் கேட்டல் வேண்டும்.

வட்டி விகிதமும் நிலையானதன்று. 2019 ஆம் ஆண்டு அக்டோபர் முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள், ரிசர்வ் வங்கியின் 'ரெப்போ' விகிதம் போன்ற புறக் குறியீடு ஒன்றோடு பிணைக்கப்பட்டன. அந்த ரெப்போ விகிதம் 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 ஆக இருந்து 2023 பிப்ரவரியில் 6.5 ஆக உயர்ந்தது. நம் எடுத்துக்காட்டில் வட்டி 9 இலிருந்து 10.5 ஆயின் மாதத் தவணை ரூ. 27,635 ஆகும். ஆண்டுக்கு ரூ. 27,340 மிகுதியாகச் செல்லும். மிச்சத்தில் ஏறத்தாழ ஐந்தில் இருபங்கு மறைந்தொழியும். இவ்வாறு ஏறும்போது வங்கிகள் தவணைத் தொகையை உயர்த்தாது ஆண்டுகளை நீட்டுவதும் உண்டு. அப்போது கடனாளி சுமையை உணர்வதில்லை. சுமை மட்டும் நீளுகின்றது.

போக்கியம் என்னும் இனிய கடன்

வங்கியை நாடாது முதல் திரட்டும் வழி ஒன்று நம் ஊர்களில் உண்டு. அதுவே போக்கியம், ஒத்தி என்றும் சொல்வர். குடியிருக்க வருவோர் ஒரு பெருந்தொகையை உடையாரிடம் கொடுத்து, இரண்டு அல்லது மூன்று ஆண்டு குடிக்கூலி இன்றி இருந்து, வெளியேறும்போது அத்தொகையை அப்படியே திரும்பப் பெறுவர். 'வட்டியில்லை, வாடகையில்லை' என்று இரு திறத்தாரும் மகிழ்வர்.

உண்மையில் வட்டி இல்லாமல் இல்லை. மாதம் ரூ. 4,000 பெறத்தக்க அறையை ரூ. 4 இலட்சத்துக்குப் போக்கியமாக விட்டால், உடையார் இழப்பது ஆண்டுக்கு ரூ. 48,000. அஃதாவது அவர் கொடுக்கும் வட்டி நூற்றுக்கு 12. வங்கி வட்டியைவிட இது மிகுதி. ஏறத்தாழ ரூ. 5,33,000 பெற்றாலன்றி 9 வட்டிக்கு ஈடாகாது. பெற்ற தொகை செலவாகிவிடின், தவணை முடிவில் மற்றொரு போக்கியக்காரரைத் தேடியே முன்னவர்க்குக் கொடுக்க நேரும். அவர் கிடைக்காத நாளில் உடையார் நிலை இரங்கத்தக்கது.

குடியிருப்போர் நிலை அதனினும் இரங்கத்தக்கது. பல ஆண்டுச் சீட்டுப்பணத்தையும் மகளின் நகையையும் சேர்த்துக் கொடுத்த தொகைக்கு அவர் கையிலிருப்பது பெரும்பாலும் ஒரு முத்திரைத்தாள் எழுத்து. 1882 ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின்படி அனுபவ ஒற்றி என்பது அடைமான வகைகளுள் ஒன்று, ரூ. 100-உம் அதற்கு மேற்பட்டதுமான தொகைக்குரிய அத்தகைய அடைமானம் பதிவுசெய்யப்பட வேண்டும். பதிவு செய்வோரோ சிலரே. அவ்வீடு முன்னரே வங்கியில் அடைமானமாக இருந்து, உடையார் தவணை தவறினால், 2002 ஆம் ஆண்டு 'சர்ஃபேசி' சட்டத்தின்படி வங்கி 60 நாள் அறிவிப்புக் கொடுத்து, நீதிமன்றத்தில் வழக்கிட்டுத் தீர்ப்புப் பெற வேண்டுவதின்றியே வீட்டைக் கைக்கொண்டு ஏலம் விடக்கூடும். முந்திய அடைமானத்துக்கே முதலுரிமை. பின்வந்த போக்கியக்காரர் பணத்துக்கு வழக்கு மன்றங்களின் படிகளில் ஏறியிறங்க நேரும். ஆதலின் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெற்றுப் பாராமலும், பத்திரத்தைப் பதிவு செய்யாமலும் போக்கியத்துக்கு ஒரு ரூபாயும் கொடுத்தலாகாது. இக்கட்டுரையில் வேறெதனை மறப்பினும் இதனை மறவாதிருக்க வேண்டுகின்றேன்.

வெற்றறையின் அச்சம்

திருப்பூரிற் குடிக்கூலி ஒரு தனித்தன்மை உடையது. சென்னை போன்ற பெருநகரில் ஒரு தொழில் தாழ்ந்தால் வேறு தொழிலார் குடிவருவர். இங்கோ பத்து அறையிலும் இருப்போர் ஒரே தொழிலைச் சார்ந்தோர்: தையல் டெய்லர், கட்டிங் மாஸ்டர், செக்கிங் செய்யும் பெண்டிர், அயர்ன் போடுவோர். எங்கோ கடல் கடந்த நாட்டில் ஓர் ஆர்டர் நின்றால் இங்கே ஷிப்ட்டு குறையும். ஷிப்ட்டு குறைந்தால் சனிக்கிழமைச் சம்பளம் குறையும். சம்பளம் குறைந்தால் அறைக்கதவிற் பூட்டுத் தொங்கும்.

இது கற்பனையன்று. 2011 ஆம் ஆண்டு சனவரி இறுதியில், நொய்யலை மாசுபடுத்திய சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஆற்றின் துயரத்தையும் கீழ்ப்பகுதி உழவரின் இழப்பையும் நினைப்பார்க்கு அவ்வாணையின் நேர்மை விளங்கும். எனினும் சாயமின்றி ஆடையில்லை. தொழிலாளர் பலர் ஊர்விட்டு அகன்றனர். 2020 மார்ச்சு 25 முதல் நாடு முழுதும் ஊரடங்கு வந்தபோது ஆலைகள் ஒருங்கே நின்றன. அம்மாதம் 29 ஆம் நாள் ஒன்றிய உள்துறை அமைச்சகம், குடிபெயர்ந்த தொழிலாளரிடம் ஒரு மாதக் குடிக்கூலியைக் கேட்கலாகாது என ஆணையிட்டது. ரிசர்வ் வங்கியோ, மார்ச்சு முதல் ஆகஸ்டு வரை தவணைகளைத் தள்ளிவைக்க வங்கிகளுக்கு இடமளித்தது. ஆயின் அக்காலத்து வட்டி நிற்கவில்லை. 2025 ஆகஸ்டு 27 ஆம் நாள் அமெரிக்க அரசு இந்தியப் பொருள்கள் பலவற்றின்மேல் விதித்த இறக்குமதித் தீர்வை நூற்றுக்கு 50 ஆக ஏறியபோது, திருப்பூருக்கு வரவேண்டிய ஆர்டர்கள் பல நிறுத்தி வைக்கப்பட்டன. வாசிங்டனில் இட்ட கையெழுத்து வீரபாண்டியில் ஓர் அறையின் கதவைத் தட்டுகின்றது!

நம் பத்து அறைகளிற் பாதி, ஆறு மாதம் பூட்டிக் கிடந்தது என வைத்துக்கொள்வோம். இழப்பு ரூ. 1,20,000. ரூ. 4,80,000 இலிருந்து அதனையும், செலவு ரூ. 68,000 ஐயும் கழிக்க எஞ்சுவது ரூ. 2,92,000. தவணையோ ரூ. 3,04,280. உடையார் தம் கையிலிருந்து ரூ. 12,280 இட்டு நிரப்ப வேண்டும். நல்ல ஆண்டுகளில் மிஞ்சிய ரூ. 67,720 ஐச் சேமித்து வைத்தவர்க்கு இஃது ஒரு சிறு தூறல்; அதனை அவ்வவ்வாண்டே செலவிட்டவர்க்குப் பெருவெள்ளம். ஆறு மாதத் தவணையேனும் தனியே சேர்த்துவைத்த பின்னரே குடிக்கூலியைத் தம் வருவாய் என உடையார் எண்ணத் தொடங்கலாம் என்பது இதனாற் பெறப்படும்.

முன்பணமும் சட்டமும்

குடிவருவோர் கொடுக்கும் 'அட்வான்ஸ்' என்னும் முன்பணத்தைப் பற்றியும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். பத்து அறைக்கும் மூன்று மாத முன்பணம் எனின் ரூ. 1,20,000 உடையார் கைக்கு வருகின்றது. அதனைக் கட்டட வேலையிலோ வீட்டுச் செலவிலோ போட்டுவிடுவது பெருவழக்கு. அப்பணம் உடையாரதன்று, குடியிருப்போர் அவரிடம் அடைக்கலமாக வைத்தது. வேலை குறைந்த காலத்திற் பலர் ஒரே வாரத்திற் புறப்படுவர். அந்நாளிற் குடிக்கூலியும் வராது, முன்பணமும் கேட்கப்படும். இவ்விரண்டும் ஒருங்கே வந்து நெருக்கும்போது உடையார், 'சுவரில் ஆணி அடித்தாய், வெள்ளையடிக்கச் செலவு' என்று கழிவு பேசத் தொடங்குவர். உடையாரும் குடியிருப்போரும் கொள்ளும் பூசல்களிற் பல இவ்விடத்தே முளைப்பன. முன்பணத்தை வங்கியில் தனிக்கணக்கில் வைப்பின் அதற்கு இடமே இல்லை.

இத்துறையிற் சட்டம் நெடுநாளாகத் தலையிட்டு வருகின்றது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து வீட்டுப் பஞ்சத்தில் தோன்றிய கட்டுப்பாடுகள், 1946, 1949, 1960 ஆம் ஆண்டுச் சட்டங்களாகச் சென்னை மாநிலத்தில் தொடர்ந்தன. அவை நியாயக் குடிக்கூலியை வரையறுத்துக் குடியிருப்போரைக் காத்தன. ஆயின் பழைய குடிக்கூலி உயராது நின்ற வீடுகளை உடையார் பழுதுபாராமல் விட்ட குறையும் நேர்ந்தது. 1960 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாறாகத் தமிழ்நாட்டரசு 2017 இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. குடிக்கூலித் தொகையை அஃது இருதிறத்தார் உடன்பாட்டுக்கே விட்டது. ஆயின் ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தல் வேண்டும். வேறு உடன்பாடு இல்லாதவிடத்து முன்பணம் மூன்று மாதக் குடிக்கூலிக்கு மேற்படலாகாது. கொடுத்த பணத்துக்கு இரசீது பெறும் உரிமை குடியிருப்போர்க்கு உண்டு. பூசல் எதுவாயினும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்திக் குடியிருப்போரை வெளியேற்ற முயலுதல் குற்றம். லைன் வீடுகளிற் பெரும்பாலன வாய்ச்சொல்லால் விடப்படுவன. ஆதலின் இவ்வுரிமைகள் ஏட்டளவில் நின்றுவிடுகின்றன. எழுத்து குடியிருப்போரை மட்டும் காப்பதன்று. நிலுவை வைத்து நீங்காதவரிடமிருந்து வீட்டை மீட்க வேண்டிய உடையாரையும் காப்பது.

வருமானவரிச் சட்டமும் உடையார்க்கு ஒரு சலுகை அளிக்கின்றது. பெற்ற குடிக்கூலியில் வீட்டுவரி போக எஞ்சுவதில் நூற்றுக்கு 30 ஐப் பழுதுபார்ப்பு முதலியவற்றுக்கெனக் கணக்குக் கேளாமலே கழிக்கின்றது. கடன் வட்டியையும் கழிக்க இடந்தருகின்றது. அரசே பழுதுபார்ப்புக்கு ஒரு பங்கை விட்டுக்கொடுக்கும்போது, அதனைப் பழுதுபாராமல் வைத்துக்கொள்வது முறையாகுமா?

காக்கும் முறை

ஆயின் காக்கும் முறை யாது? இதற்கு விடையளிக்கும் வரலாறு ஒன்று இலண்டன் மாநகரில் நிகழ்ந்தது. 1865 ஆம் ஆண்டில், கலைத்திறனாய்வாளராகிய சான் ரசுகின் என்பார், மேரிலபோன் பகுதியில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பாழ்பட்ட மூன்று வீடுகளுக்கு முதலளித்து, அவற்றை ஆக்டேவியா ஹில் என்னும் பெண்மணியின் மேற்பார்வையில் விட்டார். முதலுக்கு நூற்றுக்கு 5 ஊதியம் வந்தாற் போதும் என்பது ஏற்பாடு. அம்மையார் தரகரை அனுப்பாது, வாரந்தோறும் தாமே வீடுவீடாகச் சென்று குடிக்கூலி பெற்றார். நிலுவையை வளரவிடவில்லை. அதேபோல ஒழுகும் கூரையையும் அடைத்த சாக்கடையையும் வளரவிடவில்லை. பழுதுபார்க்க ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கி, உடைசேதம் குறைந்து அதில் மிஞ்சியதைக் குடியிருப்போர் விரும்பிய வசதிகளுக்கே செலவிட்டார். ஆகவே வீட்டைக் காப்பது அவர்களுக்கும் ஊதியமாயிற்று. நூற்றுக்கு 5 தவறாது கிடைத்தது. பிறரும் தம் வீடுகளை அவர் கையில் ஒப்புவித்தனர்.

அவர் பெற்றது வாரக் குடிக்கூலி என்பது கருதத்தக்கது. திருப்பூரிற் பல கம்பெனிகளில் வாரச்சம்பளமே வழக்கு. சனிக்கிழமை பெற்றது ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அரிசியும் காயுமாக மாறிவிடும். மாதத் தொடக்கத்தில் ரூ. 4,000 ஐ ஒருங்கே கேட்பதைவிட, விரும்புவோரிடம் வாரம் ஆயிரமாகப் பெற்று இரசீது கொடுப்பின் நிலுவை குறையும்.

நீரையும் மின்சாரத்தையும் பற்றி ஒரு சொல். லைன் வீட்டிற் குடியிருப்போர் அறையின் அளவைக் கேட்பதற்கு முன் 'தண்ணீர் எப்படி?' என்றே கேட்பர். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் துவைக்க உதவும், சோற்றுக்கு உதவாது. குடிநீர்க் குழாயும், அது வராத நாட்களுக்குப் போதிய தொட்டியும் உள்ள வீட்டில் வெற்றறை அரிது. மின்சாரமோ பூசலுக்கு மற்றொரு வித்து. வீடுகளுக்கான மின்னிணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டுகளைக் கட்டணமின்றி வழங்கும் சலுகையைத் தமிழ்நாட்டரசு 2016 இல் அளித்தது. ஆயின் பத்து அறைக்கும் ஒரே இணைப்பிருந்து, உடையார் அறைதோறும் துணைமீட்டர் வைத்துத் தாமே யூனிட்டுக்கு விலை குறிக்கும் இடங்களில் அச்சலுகை குடியிருப்போரைச் சென்றடைவதில்லை. அறைதோறும் தனி இணைப்புப் பெறுதல் தொடக்கத்திற் செலவேயாயினும், மாதந்தோறும் எழும் ஐயத்தை அஃது அடியோடு அகற்றும்.

அறைக்கு என்று விடாது தலைக்கு என்று விடுதலும் இப்போது பரவி வருகின்றது. ஓரறையில் ஆறு இளைஞரை வைத்தால் வரவு ஏறும் என்பது உண்மை. ஆயின் நால்வர்க்கென அமைத்த கழிவுநீர்த் தொட்டி விரைவில் நிரம்பும், நீர் போதாது, நோய் வரும், அயலார் முறையிடுவர். ஆண்டிறுதியிற் கணக்கிட்டால் ஏறிய வரவு பழுதிலும் பூசலிலும் கரைந்திருக்கும். பகல் ஷிப்ட்டுக்காரன் எழுந்த பாயில் இரவு ஷிப்ட்டுக்காரன் படுக்கும் அறையை உறையுள் என்று கூற நா எழவில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், குடிக்கூலி வீடு என்பது கட்டிவைத்துவிட்டுக் கைகட்டி இருந்து உண்ணத்தக்க பொருளன்று என்பது விளங்கும். அது நாள்தோறும் கவனிக்க வேண்டிய ஒரு தறியைப் போன்றது. இழை அறுந்தபோதே முடிபோடாவிட்டால் துணி முழுதும் பழுதாகும். நிலம் தன்னதாக இருத்தல், கடன் வெற்றறைக் காலத்தையும் தாங்கும் அளவினதாக இருத்தல், முன்பணம் தொடாதிருத்தல், எழுத்தும் இரசீதும் இருத்தல், நீரும் விளக்கும் குறையாதிருத்தல் ஆகிய இவ்வைந்தும் உடைய வீட்டில் ஊதியம் சிறிதாயினும் நிற்கும். உடையாரின் நன்மையும் குடியிருப்போரின் நன்மையும் வேறுவேறல்ல என்பதே இக்கணக்குகள் அனைத்தும் இறுதியிற் காட்டும் விடை.

இதனைப் படிப்பாருட் சிலர் நாளை வீட்டுடையாராவர். பெரும்பாலோர் வேலை தேடி ஏதேனும் ஓர் ஊரிற் குடிக்கூலிக்கு இருப்பாராவர். எந்நிலையில் இருப்பினும், பத்திரத்தைப் படித்துக் கையெழுத்திடுவோமாக. கொடுத்ததற்கு இரசீது பெறுவோமாக. பெற்றதற்கு இரசீது கொடுப்போமாக. உலகுக்கு உடையளிப்பார்க்கு ஒழுகாத கூரையும் உறுதியான ஓர் எழுத்தும் கிடைக்கும் நாளே, திருப்பூர் தன் தொழிலாளர்க்குப் பட்ட கடனைத் தீர்த்த நாளாகும்.